34 வருஷம் பட்டத்து இளவரசர், கடைசி நேரத்தில் இல்லை: ஜோர்டானின் ஹசன் பற்றிச் சொல்லுங்களேன்

திருப்பூர் செக்கர் கேட்டது:

வணக்கம். நான் திருப்பூர். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்துவிட்டு, அப்புறம் ஜோர்டான் போய் இர்பித் பக்கம் அல் ஹசன் தொழிற்பேட்டையில் ஒரு கார்மெண்ட்ஸில் குவாலிட்டி வேலை பார்த்தேன். நம்ம ஊர் ஆட்கள், இலங்கை, பங்களாதேஷ் என்று ஏகப்பட்ட பேர் அங்கே இருக்கிறோம்.

2021 ஏப்ரலில் நான் அங்கேதான். ராஜா அப்துல்லாவுடைய தம்பி ஹம்ஸாவை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள் என்று பேச்சு. லைனில் இருந்த ஜோர்டான் பெண்கள் மிஷினைப் பார்க்காமல் மடியில் போனைப் பார்த்தே தைத்தார்கள். அன்றைக்கு ரிஜெக்‌ஷன் கூடியது தனிக்கதை. இரண்டு நாள் கழித்து, ஹம்ஸா கையெழுத்துப் போட்டுவிட்டார், பிரச்சினை முடிந்தது என்றார்கள். எங்கே போட்டார் என்று கேட்டேன். "ஸீதி ஹசன் வீட்டில்" என்றார் எங்கள் சூப்பர்வைசர் அம்மா. யார் அவர் என்றதற்கு, "அவர்தான் ராஜாவாகியிருக்க வேண்டியவர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காலர் அளவு பார்க்கப் போய்விட்டார். அங்கே அந்தக் குடும்பத்தைப் பற்றி யாரும் அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டார்கள்.

நான் வேலை பார்த்த பேட்டையின் வாசலிலும் ஹசன் என்றுதான் பெயர். யார் இந்த மனிதர்? ராஜாவின் தம்பி எப்படிப் பட்டத்து இளவரசர் ஆனார்? அப்புறம் ஏன் ஆகவில்லை?

வடகரை வாசகன்:

அப்பாவுக்குப் பின் மகன், அதுதானே ராஜா வீட்டு வழக்கம். தம்பி நடுவில் எப்படி வந்தார் என்பது எனக்கும் புரியவில்லை. தெரிந்தவர்கள் வரட்டும், காத்திருக்கிறேன்.

எஷிதியா அண்ணாச்சி:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் 1999-ம் வருஷத்துக் காலண்டர் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்வதற்கு முன் நான் அங்கே எப்படிப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தூத்துக்குடி. நம்ம ஸ்பிக் உரக் கம்பெனியும் ஜோர்டான் பாஸ்பேட் கம்பெனியும் சேர்ந்து, தெற்கு ஜோர்டானில் எஷிதியா என்ற இடத்தில் பாஸ்பாரிக் அமில ஆலை போட்டார்கள். 1997-ல் ஓட ஆரம்பித்தது. அங்கே இன்ஸ்ட்ருமெண்ட் பிரிவில் இருந்தேன். சுற்றிப் பாலைவனம், பக்கத்து ஊர் என்றால் மஆன். அமிலம் டேங்கரில் அகபா துறைமுகம் போகும், அங்கிருந்து கப்பல். உரத்துக்குப் பாறை அவர்களிடம், தேவை நம்மிடம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஜோர்டானில் எண்ணெய் கிடையாது. பாஸ்பேட், பொட்டாஷ், கொஞ்சம் சுற்றுலா, மற்றபடி வெளிநாட்டு உதவி. அந்த மாதிரி நாட்டில் ராஜாவுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர் குதிரையில் ஏறி போட்டோவுக்கு நின்றால் போதாது, கணக்குப் பார்க்க வேண்டும். ஹசன் கணக்குப் பார்த்தவர்.

இனி உங்கள் கேள்வி. தாத்தா முதலாம் அப்துல்லாவை 1951-ல் ஜெருசலேமில் அல் அக்ஸா வாசலில் சுட்டுக் கொன்றார்கள். பேரன் ஹுசைன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், வயது 15. அப்பா தலாலுக்கு மனநலம் சரியில்லை என்று 1952-ல் நாடாளுமன்றம் இறக்கியது. ஹுசைன் ராஜா. கடைக்குட்டித் தம்பி ஹசனுக்கு அப்போது ஐந்து வயசு. 1947 மார்ச்சில் பிறந்தவர்.

1962-ல் ஹுசைனுக்கு மகன் பிறந்தார், இப்போதைய ராஜா அப்துல்லா. பிறந்ததுமே பட்டத்து இளவரசர் என்று அறிவித்தார்கள். ஆனால் ஹுசைனைக் கொல்ல எத்தனை முயற்சி நடந்தது என்று கேட்டால் தலை சுற்றும். அரண்மனைச் சமையலறையில் விஷம் ஒருதரம். மூக்குச் சொட்டு மருந்துக் குப்பியில் அமிலம் ஒருதரம். சிந்திய துளி வாஷ்பேசினை அரித்ததில்தான் தப்பினாராம். இந்தக் கதையை எங்கள் ஷிப்ட் இன்ஜினியர் சொன்னபோது, அமிலத்தோடேயே கிடக்கிற நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம்.

நாளைக்கே ராஜாவுக்கு ஒன்று ஆனால், மூன்று வயசுக் குழந்தையை உட்கார வைத்து நாட்டை நடத்த முடியுமா? அதனால் 1965 ஏப்ரலில், 18 வயசுத் தம்பி ஹசனைப் பட்டத்து இளவரசர் ஆக்கினார். சகோதரனையும் நியமிக்கலாம் என்று அரசியல் சட்டத்தில் வழி செய்துகொண்டார்கள். குழந்தை வளரும்வரை ஒரு ஏற்பாடு என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்திருப்பார்கள். அது கிட்டத்தட்ட 34 வருஷம் ஓடியது.

படிப்பு இங்கிலாந்தில். ஹாரோ பள்ளி, அப்புறம் ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரி. கீழை நாட்டுப் படிப்பு, அதில் ஹீப்ரு மொழியும் உண்டு. 1967-ல் இஸ்ரேலோடு போர் நடந்த காலத்தில் ஒரு அரபு இளவரசர் அவர்கள் மொழியான ஹீப்ருவைப் படித்தார் என்பதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். 1970-ல் ராயல் சயின்டிஃபிக் சொசைட்டி என்ற அறிவியல் ஆய்வு நிறுவனம், 1973-ல் நாட்டின் முதல் மூன்றாண்டுத் திட்டம், 1981-ல் அரபுச் சிந்தனை மன்றம், 1994-ல் மதங்களுக்கிடையிலான ஆய்வுக்கு ஒரு நிறுவனம், எல்லாம் அவர் முன்நின்று செய்தவை. ராஜா படையையும் வெளிநாட்டையும் பார்த்துக்கொண்டார். திட்டம், பல்கலைக்கழகம், தண்ணீர் எல்லாம் தம்பி தலையில்.

ஆனால் மக்களுக்கு அவர் ஒட்டினாரா என்றால், அங்கேதான் சிக்கல். எங்கள் ஆலை பஸ் டிரைவர் மஆன்காரர். 1989 ஏப்ரலில் பெட்ரோல் விலையை ஏற்றியதும் கலவரம் வெடித்தது அந்த ஊரில்தான். சர்வதேச நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) கடனுக்காக ஏற்றிய விலை. ராஜா அப்போது அமெரிக்காவில். ஊரில் பொறுப்பில் இருந்தவர் ஹசன். கடைசியில் பிரதமர் ஸைத் அல் ரிஃபாய் பதவி விலகினார், அந்த வருஷமே தேர்தலும் வந்தது. டிரைவர் அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்வார்: "ஸய்யித்னா வந்தால் கட்டிப் பிடிப்பார். ஸீதி ஹசன் வந்தால் கணக்குச் சொல்வார்." ஸய்யித்னா என்றால் ராஜா. இளவரசர்களுக்கு ஸீதி. இரண்டையும் மாற்றிச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், நான் ஒருதரம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சரி, 1999. ஹுசைன் ராஜா ஆறு மாசம் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துவிட்டு, ஜனவரி 19 அன்று திரும்பினார். விமானத்தைத் தானே ஓட்டி வந்தார். தலைநகர் அம்மானில் நல்ல குளிர், மழை. கார் கூரையைத் திறந்து எழுந்து நின்று, நனைந்துகொண்டே கையசைத்துப் போனார். மெஸ்ஸில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த ஜோர்டான் ஆட்கள் அழுதார்கள். அந்த ஆறு மாசமும் நாட்டை நடத்தியவர் ஹசன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. எனக்கு நைட் ஷிப்ட். கண்ட்ரோல் ரூம் ரேடியோவில் செய்தி. என் இன்ஜினியர் சத்தத்தைக் கூட்டினார், முகம் மாறியது, நாங்கள் கேட்கக் கேட்கத் துண்டு துண்டாக மொழிபெயர்த்தார். தம்பிக்கு ராஜா எழுதிய கடிதம், பல பக்கம். நான் இல்லாதபோது படை விஷயத்தில் தலையிட்டாய், என் குடும்பத்தைப் பற்றி வம்பு பரவியது, உனக்குப் பின் யார் என்பதில் நீ நான் சொன்னதற்கு ஒத்து வரவில்லை, இப்படிப் போகிறது. இனிப் பட்டத்து இளவரசர் என் மகன் அப்துல்லா. அப்துல்லா அப்போது சிறப்புப் படையின் தளபதி, 37 வயசு ஆக இன்னும் சில நாள் இருந்தது. "வீட்டுச் சண்டையை ஊருக்குப் படித்துக் காட்டிவிட்டார்" என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் பிரஷர் ரீடிங் எழுதப் போய்விட்டார். உங்கள் சூப்பர்வைசர் அம்மா காலர் பார்க்கப் போன மாதிரியேதான்.

ஜனவரி 26 அன்று ராஜா மறுபடியும் அமெரிக்கா போனார். பிப்ரவரி முதல் வாரம் நினைவு தப்பிய நிலையில் கொண்டுவந்தார்கள். 7-ம் தேதி இறந்தார். ஹசனுக்கும் சிம்மாசனத்துக்கும் நடுவில் இருந்தது இரண்டே வாரம்.

இப்போது காலண்டர். மெஸ் சுவரில் அந்த வருஷத்துக் காலண்டர் தொங்கியது. மேலே இடது பக்கம் ராஜா, வலது பக்கம் பட்டத்து இளவரசர் ஹசன். அந்த மாதிரி காலண்டர் அங்கே எல்லாக் கடையிலும் இருக்கும். வருஷம் பிறந்து மாசம்கூட முடியவில்லை, புதிதாக யார் அச்சடிப்பார்கள்? எங்கள் எகிப்துக்காரச் சமையல்காரர் ஆற அமர யோசித்து, தொழுகை நேர அட்டவணையை எடுத்து ஹசன் முகத்தின் மேல் ஒட்டிவிட்டார். அப்படியும் பசை சரியில்லை. மார்ச் மாசம் ஓரம் கிளம்பி மீசை எட்டிப் பார்த்தது. சமையல்காரர் கட்டை விரலால் அழுத்துவார், மறுபடி கிளம்பும்.

கௌசல்யா ந:

அண்ணாச்சி, அருமை. நான் ஒரு கிளைக்கதை சேர்க்கிறேன். ஹசனுடைய மனைவி ஸர்வத், நம் துணைக்கண்டத்துப் பெண். 1947 ஜூலை 24 அன்று கல்கத்தாவில் பிறந்தவர், சுதந்திரத்துக்கு மூன்று வாரம் முன்னால். அப்பா முகம்மது இக்ராமுல்லா, பாகிஸ்தானின் முதல் வெளியுறவுச் செயலாளர். அம்மா ஷாயிஸ்தா சுஹ்ரவர்தி இக்ராமுல்லா, பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் இருந்த இரண்டே பெண்களில் ஒருவர்.

இதில் எனக்குப் பிடித்தது சித்தப்பா. இக்ராமுல்லாவின் தம்பி யார் தெரியுமா? நம்முடைய நீதிபதி ஹிதாயத்துல்லா. பிரிவினையில் அண்ணன் கராச்சிக்குப் போனார், தம்பி இந்தியாவிலேயே இருந்துவிட்டார். ஹசனுக்கும் ஸர்வத்துக்கும் 1968-ல் கராச்சியில் கல்யாணம் நடந்தது. அதே வருஷம்தான் மணமகளின் சித்தப்பா இந்தியாவின் தலைமை நீதிபதியானார். மறு வருஷம் கொஞ்ச நாள் தற்காலிகக் குடியரசுத் தலைவர், பிற்பாடு துணைக் குடியரசுத் தலைவர். 1999-ல் எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால், அவருடைய அண்ணன் மகள் ஜோர்டான் ராணி.

அந்தக் காலத்து வம்பில் பாதி ஸர்வத்தின் மேல்தான் விழுந்தது. ராணியாகும் முன்பே அரண்மனையில் மாற்றங்கள் செய்யக் கிளம்பிவிட்டார் என்றெல்லாம் கிளப்பினார்கள். ஆண்கள் சண்டையில் கடைசியில் பழி எந்தப் பக்கம் போகும் என்று நமக்குத் தெரியாதா. அம்மானில் ஒரு நல்ல பள்ளிக்கூடம் தொடங்கி நடத்தியவர் அவர். நாலு பிள்ளைகள்: ரஹ்மா, ஸுமையா, பதியா, ராஷித். மூன்று பெண்களுக்குப் பிறகுதான் பையன். அதையும் வாரிசுச் சண்டையில் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள் உண்டு.

மணல்காகிதம்:

எல்லாம் சரி, ஆனால் ஆளுக்குக் கோயில் கட்டி வைக்காதீர்கள். அண்ணன் நியமித்தார், அண்ணன் எடுத்தார்; மக்கள் வாக்களிக்கவில்லை. நிறுவனம் நிறுவனமாகத் தொடங்க முடிந்ததே அரண்மனைப் பெயர் இருந்ததால்தானே? 2002 ஜூலையில் என்ன செய்தார் என்று பாருங்கள். லண்டனில் சதாமுக்கு எதிரான முன்னாள் இராக் ராணுவ அதிகாரிகள் கூடிய கூட்டத்தில் திடீரென்று போய் உட்கார்ந்தார். இராக்கில் 1958 வரை ஆண்டதும் ஜோர்டானை ஆளும் இதே ஹாஷிமி குடும்பம்தான். அந்த வருஷம் ஜூலை 14 அன்று இளம் ராஜா இரண்டாம் ஃபைஸலைச் சுட்டுக் கொன்றார்கள். கூட்டம் நடந்ததும் அதே ஜூலை நாட்களில். ஜோர்டான் போனால் என்ன, பாக்தாத் இருக்கிறதே என்று மனசில் இருந்ததோ என்று உலகமே கேட்டது. இவர் தனிப்பட்ட முறையில் போயிருக்கிறார், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஜோர்டான் அரசு கை கழுவியது.

எஷிதியா அண்ணாச்சி:

மணல்காகிதம், நீங்கள் சொன்ன லண்டன் விஷயம் உண்மை. அது அவருக்கு அழகாக இல்லை, நானும் ஒத்துக்கொள்கிறேன். பழைய உறவுக்காரர்களுக்கு மரியாதை செலுத்தப் போனாரோ, வேறு நினைப்போ, அந்த நேரத்தில் அந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1999 பிப்ரவரியில் அவர் நினைத்திருந்தால் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கும். 34 வருஷமாக அதிகாரிகள், பல்கலைக்கழகம், கோத்திரத் தலைவர்கள் என்று பழகியவர். எங்கள் ஆலையிலேயே இரண்டு நாள் ஒருவரையொருவர் முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள். ஏதாவது நடக்கும் என்று எங்களை மஆனுக்குப் போக வேண்டாம் என்று சொல்லி வைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சவ ஊர்வலத்தை டிவியில் பார்த்தோம். கிளின்டன், கூடவே மூன்று முன்னாள் அமெரிக்க ஜனாதிபதிகள், எழுந்து நிற்கவே முடியாத யெல்ட்சின், சிரியாவின் அஸாத், இஸ்ரேலின் நெதன்யாகு, எல்லோரும் ஒரே இடத்தில். ராஜாவின் வெள்ளைக் குதிரை ஆளில்லாமல் பின்னால் நடந்தது. மெஸ்ஸில் எல்லோர் கண்ணும் தேடியது ஹசனை. குடும்பத்தோடு நின்றார். அவ்வளவுதான். அரபு அரச குடும்பங்களில் வாரிசை மாற்றியபோது என்னென்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு, இந்த "அவ்வளவுதான்" எவ்வளவு பெரிசு என்று புரியும்.

அப்புறமும் வீட்டில் சும்மா உட்காரவில்லை. உலகத்தின் எதிர்காலத்தை ஆராயும் கிளப் ஆஃப் ரோம் அமைப்பின் தலைவர், மதங்கள் கூடிப் பேசும் உலக அமைப்பில் பொறுப்பு, 2013-ல் ஐ.நா. பொதுச்செயலாளரின் தண்ணீர், சுகாதார ஆலோசனைக் குழுவுக்குத் தலைவர். தண்ணீர் அவருக்குப் பொருத்தமான விஷயம். அம்மானில் வாரத்துக்கு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர், மொட்டை மாடி டாங்கில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். செக்கர் தம்பிக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது உங்கள் 2021-க்கு வருகிறேன். அப்துல்லா ராஜாவானதும், அப்பா ஆசைப்படி தம்பி ஹம்ஸாவைப் பட்டத்து இளவரசர் ஆக்கினார். 2004-ல் அதை எடுத்துவிட்டார். பிற்பாடு தன் மகன் ஹுசைனுக்குக் கொடுத்தார். ஆக, ஹம்ஸாவும் பறிகொடுத்தவர். 2021-ல் அவருக்கும் ராஜாவுக்கும் முட்டிக்கொண்டதும், பேசி முடிக்க ராஜா யாரைக் கூப்பிட்டார்? சித்தப்பா ஹசனை. ஏப்ரல் 5 அன்று அவர் வீட்டில், நாலைந்து இளவரசர்கள் முன்னிலையில், ஹம்ஸா ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த அறையில், பதவி பறிபோவது எப்படி இருக்கும் என்று ஹம்ஸாவிடம் பேசத் தகுதியுள்ள ஒரே ஆள் அவர்தான். மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் என்ன சொன்னார் என்று கேட்க எனக்கு ரொம்ப ஆசை.

சமாதானம் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மறு வருஷம் ஹம்ஸா இளவரசர் பட்டமே வேண்டாம் என்றார், ராஜா அவருடைய நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தினார்.

திருப்பூர் செக்கர்:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. கௌசல்யா அக்காவுக்கும். சூப்பர்வைசர் அம்மா ஏன் பேச்சை நிறுத்தினார் என்று இப்போது புரிகிறது. தண்ணீர் விஷயம் நூற்றுக்கு நூறு, எங்கள் ஹாஸ்டலில் டாங்க் காலியானால் யார் முதலில் குளித்தது என்று சண்டையே வரும். ஒரே ஒரு கேள்வி. அந்தக் காலண்டர் என்ன ஆச்சு? எடுத்து வைத்தீர்களா?

எஷிதியா அண்ணாச்சி:

எடுத்திருக்கலாம், தோன்றவில்லை தம்பி. டிசம்பர் முடிந்ததும் சமையல்காரர் அதைக் கழற்றி, அளவாகக் கத்தரித்து, மசாலா டப்பா வைக்கிற தட்டில் விரித்துவிட்டார். புதுக் காலண்டர் அதற்கு முன்பே வந்துவிட்டது. அதில் அப்துல்லாவும் ஹம்ஸாவும் இருந்தார்கள்.